ஜெராக்ஸில் வராதவை

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நான்கு வருடம் அது பாட்டுக்கு விற்றது, வாசிக்கப்பட்டது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் திருச்செங்கோட்டில் கொடுத்தார்கள். 26ஆம் தேதி புத்தகம் எரிந்தது. 2015 ஜனவரி 9இல் ஊர் கடையடைத்தது. 12ஆம் தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த அமைதிப் பேச்சு முடிந்தபோது எழுதியவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டிருந்தார். ஓரிரு நாளில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்துவிட்டார்.

அந்த நாட்களில் நாவலைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைத் தமிழ்நாட்டில் பார்ப்பது அரிதாக இருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து எட்டு மணி நேரத் தொலைவில், ராயபுரத்து டீக்கடையிலும் “அது பலான புத்தகமாமே?” என்ற கேள்வி வந்துசேர்ந்திருக்கும். கருத்து முன்னால் போய்விட்டது. புத்தகம் பின்னால் வந்தது, பல இடங்களுக்கு வரவே இல்லை. படிக்காத ஒரு நூலைப் பற்றி, அதிலும் உடலையும் ஆசையையும் பேசும் நூலைப் பற்றி, அபிப்பிராயம் வைத்துக்கொள்வது அறமா?

படிக்காதவன் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்கிறவர்களும் பெரும்பாலும் வேலையே படிப்பாக உள்ளவர்கள். எண்ணூரில் ராத்திரி ஷிப்ட் முடித்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து வீடு வந்துசேர்கிறவருக்கு இருநூறு பக்கம் என்பது சின்னச் செலவல்ல. நாம் எல்லோரும் படித்ததைவிடப் படிக்காத நூல்களைப் பற்றித்தான் அதிகக் கருத்து வைத்திருக்கிறோம். அப்படி இல்லாவிட்டால் எதைப் படிப்பது என்றுகூடத் தேர்ந்தெடுக்க முடியாது. காமம் பேசும் கதை எனக்கு வேண்டாம் என்று ஒருவர் ஒதுங்கினால் அதற்குக் காரணம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் ஒரு புத்தகத்தை வைக்கும் தாயிடம் போய்த் திறனாய்வு எழுதித் தா என்று நிற்கவும் முடியாது. எனக்கு வேண்டாம் என்பது யாருக்குமே வேண்டாம் என்று மாறும்போதுதான் கணக்கு மாறுகிறது. அப்போது தீர்ப்புச் சொல்கிறோம். தீர்ப்பு என்றால் வழக்கை முழுதாகக் கேட்டாக வேண்டும்.

முழுதாக என்றால் எவ்வளவு? இங்கே வடசென்னையிலேயே நடந்த ஒன்று இதற்கு உதவும். 2018 அக்டோபரில் வெற்றிமாறனின் ‘வடசென்னை’ வெளியானபோது, அதில் படகில் நடப்பதாக வரும் முதலிரவுக் காட்சி தங்கள் மனதைப் புண்படுத்துகிறது என்று மீனவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. இயக்குநர் வருத்தம் தெரிவித்து, காட்சியை நீக்குவதாகச் சொன்னார். படம் முழுதும் பார்த்துவிட்டுத்தான் எதிர்த்தார்களா என்று மடக்கியவர்கள் உண்டென்றால் அவர்கள் விஷயத்தைத் தவறவிட்டார்கள். இந்த எதிர்ப்புக்கு முழுப் படம் தேவையில்லை. சோறு போடும் படகு, காசிமேட்டில் சூடமேற்றிக் கும்பிட்டுக் கடலில் இறக்கும் படகு, அதன்மேல் இதைக் காட்டாதே என்பது அந்த ஒரு காட்சியைப் பற்றிய பேச்சு. காட்சியைப் பார்த்தவர் சொல்லலாம். அதை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு. (மன்னிப்பும் நீக்கமும் அவசியம்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு, ஆனால் கேட்டவர்கள் அநியாயமாகக் கேட்கவில்லை.)

திருச்செங்கோட்டில் எழுந்த குற்றச்சாட்டு வேறு வகை. இந்த நாவல் எங்கள் ஊர்ப் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்றார்கள். கேவலப்படுத்துகிறதா இல்லையா என்பது ஒரு சம்பவத்தில் கிடைக்காது. யார் சொல்கிறார்கள், எந்தக் குரலில், எந்த வலியிலிருந்து, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அவமதிப்பு அவமதிப்பாகிறது, பரிவு பரிவாகிறது. ஜெராக்ஸ் தாளுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

இதை வெகு தூரம் போய் நிரூபிக்க வேண்டியதில்லை. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்ததைக் கொண்டாடும் நாள். குடும்பம் குடும்பமாக வந்து கும்பிடுகிறார்கள். பெரியபுராணத்திலிருந்து இந்தப் பகுதியை மட்டும் பிய்த்து, சுந்தரர் பெயரை மறைத்து, சன்னதித் தெருவில் ஒரு தாளாகக் கொடுத்துப் பாருங்கள். திருவாரூரில் பரவை என்ற மனைவி இருக்க, ஒருவன் ஒற்றியூரில் பூத்தொடுக்கும் பெண்ணைப் பார்த்து மயங்குகிறான். சாமியையே தூது போகச் சொல்கிறான். உன்னைப் பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டிவரும் என்றதும், அந்த நேரம் கருவறையை விட்டு எழுந்து மகிழ மரத்தடிக்குப் போய் இரும் என்று சாமியிடமே பேசி வைக்கிறான். சாமியோ, சத்தியத்தை மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சங்கிலிக்கு உணர்த்திவிடுகிறார். சத்தியம் செய்தவன் வசந்தம் வந்ததும் திருவாரூர் ஞாபகத்தில் எல்லையைத் தாண்டுகிறான், இரண்டு கண்ணும் போகிறது.

தாளில் இவ்வளவுதான் இருந்தால், தெய்வத்தைத் தரகராக்கிய கதை என்று முதல் கல்லை எறிவது பக்தர்களாகத்தான் இருக்கும். அவர்கள் ஏன் எறியாமல் கும்பிடுகிறார்கள்? முழுக் கதை அவர்களுக்குத் தெரியும். பார்வை போனவன் ஊர் ஊராகத் தடுமாறிப் பாடிப் போனது தெரியும். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணுமாகத் திரும்பக் கிடைத்தது தெரியும். ஆசையும் பொய்யும் தண்டனையும் தோழமையும் ஒரே மனிதனிடம் கிடந்தன என்று தெரியும். திருவொற்றியூரிலேயே கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெண்ணுடலை அவர் இகழ்ந்த பாட்டுகளைத் துண்டு துண்டாகக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். தாயின் சிதைக்கு முன்னால் நின்று உருகியவரும் அவர்தான் என்பது துண்டில் தெரியாது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். பரவையின் ஊடலைத் தீர்க்க இறைவனே நள்ளிரவில் தூது நடந்தான் என்ற சேதி ஏயர்கோன் கலிக்காமர் காதுக்குப் போகிறது. அவர் கொதித்துப்போகிறார். இப்படிச் செய்வித்தவன் தொண்டனா என்று சுந்தரர்மேல் தீராத கோபம். சூலை நோய் வருகிறது, சுந்தரர் வந்தால்தான் தீரும் என்கிறார் இறைவன். அவன் கையால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். மனம் புண்பட்டவரின் உச்சம் இது. அவரை முட்டாள் என்று புராணம் ஒதுக்கவில்லை. 63 நாயன்மாரில் ஒருவராக வைத்திருக்கிறது. சுந்தரர் திருவொற்றியூரில் செய்ததும் கலிக்காமர் பெயரிலான புராணத்துக்குள்ளேதான் சொல்லப்படுகிறது. புண்படுத்தியவர், புண்பட்டவர் இருவர் கதையையும் ஒரே இடத்தில் வைத்து, முழுதாகச் சொன்ன நூல் அது. கலிக்காமர் கத்தியைத் தன் வயிற்றில்தான் வைத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெட்டுவது எப்போதும் எதிரிகள்தான் என்று நினைக்க வேண்டாம். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’, ராதையின் காமத்தையும் ஊடலையும் ராதையின் பக்கமிருந்து பாடிய காவியம். அதை 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்டவர் முன்னுரைப் பகுதியையும் சில பாடல்களையும் விட்டுவிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டு, முழுப் பதிப்பை 1910இல் சென்னையில் வாவிள்ள நிறுவனம் வழியாகக் கொண்டுவந்தார். ஆபாசம் என்று புகார் கிளம்பியது. வெள்ளை அரசு தடை செய்தது. 1947இல் பிரகாசம் தலைமையிலான அரசுதான் தடையை நீக்கியது. நூலை மரியாதைக்குரியதாக்க நினைத்து முன்பு அச்சிட்டவர் காமத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார். திருச்செங்கோட்டில் காமத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டிலும் நஷ்டம் ஒரே ஆளுக்கு: தானே பார்த்து முடிவுசெய்ய நினைத்த வாசகருக்கு. காவியத்தைப் படித்தும் கண்டித்தவர் கந்துகூரி வீரேசலிங்கம். அவரோடு நாகரத்தினம்மாள் வாதாடினார். அது சமமானவர்கள் சண்டை. இருவர் கையிலும் நூல் இருந்தது.

‘மாதொருபாக’னை ஆதரித்தவர்களையும் சும்மா விடக் கூடாது. எழுத உரிமை உண்டு என்று சொல்ல நாவலைப் படிக்கத் தேவையில்லை. கொலை வழக்கில்கூடக் குற்றம்சாட்டப்பட்டவரின் குணம் தெரியாமலேயே நியாயமான விசாரணை கேட்கலாம். ஆனால் பலர் அத்தோடு நிற்கவில்லை. மகத்தான நாவல், பெண் விடுதலைக் காவியம் என்று கையொப்பமிட்டார்கள். படிக்காமல் எரித்தவரும் படிக்காமல் பாராட்டியவரும் செய்தது ஒரே தப்பு. எரித்தவரின் தப்பில் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது என்பதால் பாரம் அந்தப் பக்கம் அதிகம், அவ்வளவுதான்.

2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் சொன்ன தீர்ப்பு, நாவலுக்குள் போய் அதன் கதையை எடுத்துப் பேசியது. அமைதிப் பேச்சில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காதவர் மூடி வைக்கலாம், எழுதியவர் எழுதப் போகட்டும் என்பது அதன் சாரம். சட்டம் அவ்வளவுதான் செய்ய முடியும். ஒரு நாவல் நல்லதா, அறத்துக்கு ஒத்ததா என்று பாரிமுனை நீதிமன்றத்தில் தீர்த்துத் தர முடியாது. அதை வாசகர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கிறவருக்கு அங்கே என்ன இருக்கிறது? காளி, அவன் மனைவி பொன்னா. 12 வருடமாகப் பிள்ளையில்லை. ஊர் ஏசுகிறது, நல்லது கெட்டதில் ஒதுக்குகிறது. அர்த்தநாரீசுவரர் தேர்த்திருவிழாவின் குறிப்பிட்ட ஓர் இரவில் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பெறும் பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை என்ற வழக்கம் கதையில் வருகிறது. அப்படி ஒரு வழக்கம் உண்மையில் இருந்ததா, உயிரோடிருக்கும் ஊரின் பெயரைப் போட்டது சரியா என்று முழு நாவலையும் படித்தவர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை எடுத்துவிட எழுதியவரே முன்வந்தார்.

அதைவிடக் கனமான சங்கதி அந்த இரவுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. காளி சம்மதிக்கவில்லை. சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் சொல்கிறார்கள். அவள் அண்ணன் முத்து, காளியைக் குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். பெற்றவர்களும் உடந்தை. பாசத்தால் செய்த சதி அது, புருசன் சொன்னதாக நம்பி அவள் போகிறாள். அவள் கொடுத்த சம்மதம் சம்மதமா? அவள் ஆசைப்படவே இல்லையா, கொஞ்சம் ஆசைப்பட்டிருந்தால் அது குற்றமா? உண்மை தெரிந்தபோது காளிக்கு வரும் வெறியில் எவ்வளவு வஞ்சிக்கப்பட்டவனின் நியாயம், எவ்வளவு ஆம்பளைத் திமிர்? எழுதியவருக்கே ஒரு முடிவு போதவில்லை. 2014இல் இரண்டு தொடர்ச்சி எழுதினார்: ‘ஆலவாய’னில் காளி உயிரோடில்லை, ‘அர்த்தநாரி’யில் இருக்கிறான். ஒரு கதையில் பொன்னா விதவையாக நின்று ஊரைச் சந்திக்கிறாள். இன்னொன்றில் பேசாத புருசனோடு இருக்கிறாள். இரண்டையும் படித்த இரண்டு பேர், எது அவளுக்குக் கொடுமை என்பதில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.