முகமும் திருத்தமும்: அழகுப் படக்கலையின் அறம் குறித்துச் சில சிந்தனைகள்

உண்மை யாது என்னும் வினா மெய்யியலாளரின் தனியுடைமை எனக் கருதப்படுவதுண்டு. ஆயின் அவ்வினாவை நாள்தோறும் தம் தொழிலின் ஒரு கூறாக எதிர்கொண்டு, நூலெதுவும் எழுதாமலே அதற்கு விடையிறுத்து வருவோரும் உளர். முகப்படம் எடுத்து அதனைக் கணினியில் திருத்தும் புகைப்படக் கலைஞர் அத்தகையோருள் ஒருவர். ஒரு மனிதரின் முகத்தில் எது அவருக்கு உரியது, எது நீக்கத்தக்கது? அதனைத் தீர்மானிக்கும் உரிமை எவருடையது? சோதனை முயற்சியாக அமையும் அழகுப் படத்தொகுதியொன்று உருவாகும் முறையை முன்வைத்து இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகைப்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை அக்கலையோடு உடன்பிறந்தது. 1839ஆம் ஆண்டு டாகுவேரின் முறை பாரிஸ் நகரில் அறிவிக்கப்பட்டபோது, ஓவியனின் கையை விலக்கி ஒளியே உருவை வரைகின்றது என மக்கள் வியந்தனர். மறு ஆண்டிலேயே, தம் கண்டுபிடிப்புக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை என மனங்குன்றிய ஹிப்போலித் பயார் என்பவர், நீரில் மூழ்கி இறந்தவர்போலத் தம்மைத் தாமே படமெடுத்தார். அப்படத்தில் முகம் திருத்தப்படவில்லை. எனினும் படம் கூறிய செய்தி பொய். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலே மியூனிக் நகரத்து ஹான்ஸ்டேங்கல் ஒரே முகத்தின் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் காட்டி மக்களை வியக்கவைத்தார் எனப் புகைப்பட வரலாற்று நூல்கள் கூறும். அதன்பின் பென்சிலும் சிறு கத்தியும் ஸ்ரூடியோக்களின் அன்றாடக் கருவிகளாயின. முகத்தின் சுருக்கம் நெகற்றிவில் வெளிறிய கோடாக விழும். அக்கோட்டைப் பென்சிலால் மெல்ல நிரப்பினால், அச்சிட்ட படத்தில் சுருக்கம் மறையும். ஆகவே கணினி இவ்வழக்கத்தைப் புதிதாகத் தோற்றுவித்தது எனக் கூறல் பொருந்தாது. 1990இல் வெளிவந்த போட்டோஷொப் அதனை விரைவாக்கியது, தடயமற்றதாகவும் ஆக்கியது.

இனி, அழகுப் படத்தொகுதி உருவாகும் முறையை நோக்குவோம். தோல், கண், இதழ் ஆகியவற்றை அண்மையில் நின்று காட்டும் முகப்படத்தையே அழகுப் படம் என்பர். சோதனை முயற்சியில் இறங்குபவர் விளம்பரத்தின் தேவைக்குக் கட்டுப்படாது முதலில் ஒரு கருத்தை வகுத்துக்கொள்கிறார். ஒரே நிற ஒளியில் பல முகங்கள் என்பதாகவோ, நீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் என்பதாகவோ அக்கருத்து அமையலாம். பின்னர் மொடலாக அமர்பவர் தெரிவு செய்யப்படுகிறார், ஒப்பனை நிகழ்கிறது, விளக்கின் இடம் தீர்மானமாகிறது. விளக்குப் பக்கவாட்டில் நின்றால் தோலின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நிழல் பெறும். அகன்ற வெண்திரைக்குப் பின்னே, முகத்துக்கு நேராக நின்றால் அவையெல்லாம் கரைந்துபோகும். எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் பத்துப் பன்னிரண்டே எஞ்சுகின்றன. கமரா தரும் மூலக்கோப்பும் தானாகப் படமாவதில்லை. எது வெண்மை, எது கருமை, தோலின் நிறம் யாது என்பவற்றை ஒருவரோ ஒரு கணிப்பு முறையோ அதற்குக் கூறியாகவேண்டும். எனவே, மனிதத் தீர்ப்புக் கலவாத தூய படம் என ஒன்று எங்கும் இல்லை. திருத்தம் நிகழ்ந்ததா, இல்லையா என்று மட்டும் கேட்கும் ஒழுக்கவியல் தொடக்கத்திலேயே வழி தவறிவிடுகிறது.

பிளேட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் சோக்கிரதர் ஒப்பனையை ஒருவகை முகத்துதி எனக் கடிகின்றார். உடற்பயிற்சி தரும் மெய்யான பொலிவுக்கு ஒப்பனை போலி என்பது அவர் வாதம். அழகுப் படத் திருத்தத்தின்மீதும் இக்குற்றச்சாட்டைச் சுமத்தலாம். வள்ளுவரோ வாய்மையை வேறோர் அளவுகோலால் அளக்கிறார். எவருக்கும் தீமை பயவாத சொல்லே வாய்மை என்பதும், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பதும் அவர் கொள்கை. படம் திருத்துபவர் இதனைத் தமக்குச் சார்பாக எடுத்துக்கொள்ளக்கூடும்: "என் திருத்தத்தால் அமர்ந்தவர் மகிழ்கிறார், தீமை எங்கே?" என அவர் வினவலாம். ஆயின் வள்ளுவரின் நிபந்தனை கடுமையானது. நன்மை குற்றமற்றதாதல் வேண்டும். படத்தில் இருப்பவரை மட்டும் கேட்டு அதனை அறியமுடியாது. படத்தைக் காண்பவரையும் கேட்டல் வேண்டும்.

திரைக்கு முன்னால் நிகழ்வது யாது? திருத்துபவர் முகத்தின் நுண்ணிய இழையமைப்பை ஓர் அடுக்காகவும், நிறமும் நிழலும் பரவியிருக்கும் தன்மையை வேறோர் அடுக்காகவும் பிரித்துக்கொள்கிறார். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைச் சீராக்க இது வழிசெய்கிறது. சிறு சிறு பகுதிகளாக ஒளியூட்டியும் இருளூட்டியும் முகத்தை வனைகிறார். இத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு விதி உண்டு: இரண்டு கிழமைகளில் தானாக மறையக்கூடியதை நீக்கலாம், நிலையாக இருப்பதைத் தொடலாகாது. பரு நீங்கலாம், மச்சம் நிற்கவேண்டும். நித்திரையின்மையால் வந்த கருவளையம் தணியலாம், தழும்பு நிற்கவேண்டும். அரிஸ்ரோட்டில் பொருளின் சாரத்தையும் அதன் தற்செயற் பண்பையும் வேறுபடுத்தியமை போன்றதே இது. திருத்துபவர் ஒவ்வொரு முகத்திலும் சாரம் எது, தற்செயல் எது எனத் தீர்ப்பளிக்கிறார். அவருடைய சுட்டி நகரும் ஒவ்வொரு முறையும், "இது நீயல்ல" என்னும் கூற்று ஒன்று நிகழ்கிறது.

மேற்கூறிய விதி நன்று. ஆயினும் அது மீறப்படும் இடத்தை நோக்கும்போதே சிக்கல் புலனாகும். தோலின் நிறம் இரண்டு கிழமைகளில் மறைவதன்று. அது பிறப்போடு வந்தது. இருந்தும் முதலில் கைவைக்கப்படுவது அதிலேதான். இதற்கு வரலாறும் உண்டு. கொடாக் நிறுவனம் வண்ண அச்சின் நிறச் சமநிலையைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு வழங்கிய ஷேர்லி அட்டையில் பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அம்முகத்துக்கு ஏற்பச் சமன்செய்யப்பட்ட அச்சிலே கரிய முகங்கள் விவரம் இழந்தன. 1994இல் ரைம் சஞ்சிகை, கொலைக்குற்றம் சாட்டப்பட்டுப் பின்னர் விடுதலையான ஓ. ஜே. சிம்ப்சனின் பொலிஸ் படத்தை மேலும் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை நியூஸ்வீக் மாற்றமின்றி வெளியிட்டமையாலேயே வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்தது. அழகு வேண்டின் வெளுப்பித்தலும், அச்சம் வேண்டின் கறுப்பித்தலும் ஒரே சிந்தனையின் இரு முகங்களாகும்.

நமது சமூகத்தில் கலியாணப் பேச்சின்போது கைமாறும் படத்தை நினைத்துப் பார்க்கலாம். அதில் பெண்ணின் நிறம் ஓரிரு படி வெளுத்திருப்பதை யாரும் பொய்யென்று கருதுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏமாற்றப்படுகின்றனர் என்பதன்று இதிலுள்ள பெருந்தீமை. அவர்களும் இவ்வழக்கை அறிந்தவர்களே. அப்படத்தைத் தன் கையில் வாங்கிப் பார்க்கும் பெண்ணுக்கு, அவளுடைய உண்மையான நிறம் திருத்தப்படவேண்டிய ஒரு பிழை என அவள் முகத்தைக் கொண்டே கூறப்படுகிறது. பெரும் தீமை அதுவே.

இந்நிலையில் சோதனைப் படக்கலை நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. மான் ரேயும் லீ மில்லரும் 1929 அளவில் பாரிஸில் இருட்டறையிலே ஒளியை இடையில் பாய்ச்சி, முகங்களின் விளிம்பில் கருங்கோடு படர்ந்த படங்களைச் செய்தனர். 1950 சனவரி மாதத்து அமெரிக்க வோக் சஞ்சிகையின் அட்டையில், ஏர்வின் புளூமென்ஃபெல்ட் ஒரு முகத்தை அறவே வெளிறச்செய்து, ஒரு கண், இதழ்கள், ஒரு மச்சம் ஆகியவற்றை மட்டுமே எஞ்சவிட்டார். இவற்றைவிடப் பெரிய மாற்றம் முகத்துக்கு நிகழ்தல் அரிது. ஆயினும் இவற்றைக் கண்டு ஏமாறுபவர் எவருமிலர். தன்னை மாற்றமென அறிவித்துக்கொள்ளும் மாற்றம், எத்துணைப் பெரிதாயினும் கற்பனையாகின்றது. தன்னை இயற்கையென நாட்டிக்கொள்ளும் மாற்றமோ, எத்துணைச் சிறிதாயினும் காண்பவரிடம் பொய்ச்சான்று கூறுகின்றது.

சட்டமும் இவ்வேறுபாட்டையே பற்றி நிற்கிறது. பிரான்சில் 2017 ஒக்ரோபர் முதல், மொடலின் உடலமைப்பை மெலிவித்தோ பருமனாக்கியோ திருத்திய வர்த்தகப் படங்கள் அதனை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும். நோர்வேயில் 2022 யூலை முதல் இத்தகைய விதியொன்று நடைமுறைக்கு வந்தது. எனினும் அறிவிப்பு ஒன்றே போதுமா? காண்பவருக்கு உண்மை கூறப்பட்டுவிட்டாலும், அமர்ந்தவருக்குச் செய்யவேண்டிய கடமை அப்படியே எஞ்சிநிற்கின்றது.

இதனை விளக்க நமது நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அழகை நாடிய முகப்படங்களால் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் வழி நாம் அறிந்த கமரனே அவர் கணவர். இங்கு கோப்பித் தோட்டங்களை உடையவர். இங்கிலாந்தில் வானியலறிஞர் ஹேர்ஷலைப் படமெடுக்குமுன், வெண்முடி ஒளிவட்டம்போல் விரியும்பொருட்டு அதனைக் கழுவிவரச் செய்தவர் இவ்வம்மையார். ஆயின் முகத்தின் சுருக்கங்களைப் பென்சிலால் அழிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை; தட்டில் விழுந்த கீறலையும் கறையையும்கூட விட்டுவைத்தார். திருத்தம் பற்றிய விதியை மட்டும் கொண்டு அளந்தால் அவர் நேர்மையாளரே. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை மிகச் சில. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியன் நோர்த்தின் படம் அவர் பெயரோடு வழங்குகின்றது. உழைப்பாளரின் படங்களோ "களுத்துறைக் குடியானவர்" என்பன போன்ற பொதுத் தலைப்புகளோடு நிற்கின்றன. ஒரு கோடும் அழிக்கப்படாத முகங்கள் அவை. ஆனால் ஆள் அழிந்துபோனார். படத்தின் மெய்ம்மை மட்டும் ஒருவருக்கு நீதியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முகத்தின் ஒரு தழும்பு எத்துணைப் பெறுமதி உடையது என்பதை நாம் வேறிடத்தில் அறிந்திருக்கிறோம். 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நின்றவை முகப்படங்களே. அடையாள அட்டையிலிருந்தோ ஒரு குடும்பப் படத்திலிருந்தோ பெருப்பித்தெடுத்த அம்முகங்களில் நெற்றித் தழும்பும் கன்னத்து மச்சமும் சான்றுகளாகும். அவற்றைக் குறையென்று அழிக்க எந்தத் தாயும் ஒப்பமாட்டாள். அழகு மேசையில் குறையாகத் தோன்றியது, இழப்பின் முன்னிலையில் அந்த ஆளே ஆகிவிடுகிறது.

முடிவாக நோக்கின், படத்தைத் திருத்தல் தன்னளவில் பாவமன்று. திருத்தாமை தன்னளவில் அறமுமன்று. ஒருவரின் முகத்தில் எது தற்செயல் எனத் தீர்ப்பளிப்பதே அங்கு நிகழும் ஒழுக்கச் செயலாகும். அத்தீர்ப்பு அமர்ந்தவர் அறியாமல், அவர் இல்லாதவிடத்தில், தடயமின்றி வழங்கப்படும்போது அநீதியாகின்றது. எனவே, படத்தொகுதியை மேற்கொள்ளும் கலைஞர் திரைக்கு முன் தம் பக்கத்தில் இன்னொரு கதிரையை இடுவாராக. அமர்ந்தவர் அதில் இருந்து, தம் முகத்தில் எது நிற்கவேண்டும் என்பதைத் தாமே கூறட்டும். கதிரை இட்டதுமே எல்லாம் செப்பமாகிவிடும் என்பதற்கில்லை. தம் நிறத்தை வெளுப்பிக்குமாறு அவரே கேட்கவுங்கூடும். சமூகம் அவருக்குக் கற்பித்த பாடம் அது. அப்போது மறுத்துரைப்பதா, இணங்குவதா என்னும் வினா எழும். அவ்வினாவை இருவரும் பேசித் தீர்த்தல் வேண்டும். அவ்வாறு பேசுவதற்கு இன்று நம் ஸ்ரூடியோக்களில் இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்குவதிலிருந்தே இக்கலையின் அறம் தொடங்கவேண்டும்.