விரட்டிய தீங்கு எங்கே போயிற்று?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழியின் கடைசி நாள் நம் திருக்கோயில்களில் ஆண்டாள் திருக்கல்யாண வைபவத்தால் பொலிவது. பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்திலும் அதை ஒட்டிய கொங்கு நாட்டிலும் அதே நாளுக்குக் காப்புக் கட்டு நாள் என்று பெயர். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றைக் கொத்தாகச் சேர்த்து வீட்டின் கூரை முகப்பிலும், மாட்டுத் தொழுவத்திலும், விளைநிலத்திலும் செருகி வைப்பார்கள். தை பிறக்கும் முன் தீயவை எவையும் அண்டாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கொடைக்கானலுக்குக் கீழேயுள்ள மலைக்கிராமங்களின் அம்மன் திருவிழாக்களில் சேத்தாண்டி வேடம் என்று ஒன்று உண்டு. உடலெங்கும் சேற்றைப் பூசிக்கொண்டு ஆடிப் பாடி நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். இவை தவிர, பூசணிக்காய் உடைப்பது, எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி முச்சந்தியில் எறிவது, உடுக்கையடித்துப் பேயோட்டுவது என்று தமிழகம் முழுவதற்கும் பொதுவான சடங்குகள் பல.

எம்பெருமான் ஒருவனையே ரக்ஷகனாகப் பற்றிய ப்ரபந்நன் இவற்றை எவ்வாறு காண வேண்டும்? இக்கேள்வி மலைக்கிராமங்களோடு நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூரிலும் நியூ ஜெர்ஸியிலும் புதுமனை புகும் நம் இல்லங்களின் வாசலிலும் பூசணிக்காய் வந்து நிற்கிறது. 'தேவதாந்தர ஸம்பந்தம் கூடாது' என்று ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிடலாம். அவ்விடை உண்மையானதே. ஆனால் ஆழ்வார் இதே விஷயத்தில் ஒரு திருவாய்மொழி முழுவதையும் அருளிச்செய்திருக்கும்போது, நாம் ஒரு வாக்கியத்தோடு நகர்வது பொருந்தாது.

பழனிக்குச் சங்க காலப் பெயர் பொதினி என்பர். அகநானூற்றின் முதற்பாட்டிலேயே அம்மலை இடம் பெறுகிறது. மலையும் மலைசார்ந்த நிலமுமாகிய குறிஞ்சித் திணைக்கு இதைக் காட்டிலும் ஏற்ற இடம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்கிற நீலக் குறிஞ்சி 2006-லும் 2018-லும் இம்மலைகளில் பூத்தது. கொடைக்கானலில் 1936-ஆம் ஆண்டு எழுந்த கோயில் குறிஞ்சி ஆண்டவர் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தக் குறிஞ்சித் திணைக்கு உரிய பழைய சடங்குதான் வெறியாட்டு. காதல் நோயால் மகள் மெலிகிறாள், தாய் அதை அணங்கு தீண்டியதன் விளைவு என்று எண்ணுகிறாள், வேலன் வருகிறான், ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாடுகிறான். உண்மை அறிந்த தோழி அதைத் தடுத்துப் பேசுவது 'வெறிவிலக்கு' என்னும் துறை.

நம்மாழ்வார் திருவாய்மொழியில் நாலாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியை இத்துறையில் அருளிச்செய்தார். பராங்குச நாயகி எம்பெருமானைப் பிரிந்து மோஹித்துக் கிடக்கிறாள். தாய்மார் கட்டுவிச்சியின் சொல்லைக் கேட்டு, கருஞ்சோறும் செஞ்சோறும் படைத்து, கள்ளும் இறைச்சியும் தூவி, ஆடத் தொடங்குகிறார்கள். தோழி குறுக்கிட்டு, இந்நோய் நீங்கள் நினைக்கிற தெய்வத்தால் வந்தது அன்று என்கிறாள். இவள் செவியில் சங்கு, சக்கரம் என்று சொல்லுங்கள். ஏழுலகையும் உண்டு உமிழ்ந்தவன் பேரைச் சொல்லுங்கள். அவன் அடியார்களின் திருவடிப் பொடியைக் கொண்டு வந்து அணியுங்கள் என்கிறாள். காயப்போட்ட தானியத்தைக் கழுதை தின்றுகொண்டிருக்க, அதன் உதட்டசைவை வேடிக்கை பார்த்து நிற்பது போன்றது உங்கள் செயல் என்று ஓரிடத்தில் கடிந்தும் பேசுகிறாள்.

இங்கே இரண்டு விஷயங்களை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, தோழி தாய்மாரின் அன்பைப் பழிக்கவில்லை. பல பாசுரங்களில் 'அன்னைமீர்' என்றே அவர்களை விளிக்கிறாள். அவர்கள் செய்தது மகளிடத்துள்ள பரிவின் மிகுதியால் நேர்ந்த கலக்கம். அவள் விலக்குவது அக்கலக்கத்தை மட்டுமே. இரண்டாவது, தாய்மார் கொண்டு வந்த மருந்துக்கு ஓர் ஆட்டின் உயிர் விலையாகிறது. தோழி சொல்லும் மருந்துகளான திருநாமமும் அடிப்பொடியும் எவரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. ஒருவரின் துன்பம் தீர மற்றொன்றின் துன்பம் தேவைப்படுகிறதா என்ற கேள்வி இத்திருவாய்மொழியின் உள்ளே இருப்பதாக அடியேனுக்குத் தோன்றுகிறது.

அடியேன் வணிகவியல் படித்து வங்கியில் வாழ்நாளைக் கழித்தவன். ஒரு கணக்கிலுள்ள கடனை மற்றொரு கணக்கில் எழுதிவிட்டால் முதற்கணக்கு சுத்தமாகிவிடும். ஆனால் கடன் தீர்ந்ததாகாது. பெயர் மாறிவிட்டது, அவ்வளவே. முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை எல்லோரும் ஏன் விலகி நடக்கிறோம்? அதை மிதித்தவனைத் தோஷம் பற்றும் என்ற எண்ணத்தால் அல்லவா? அப்படியானால் அதை அங்கே எறிந்தவர், தம் வீட்டுத் தீங்கு வழிப்போக்கன் ஒருவனைப் போய்ச் சேரட்டும் என்று இசைந்தே எறிந்திருக்கிறார். அந்நம்பிக்கை மெய்யா பொய்யா என்ற வாதத்துக்குள் அடியேன் புகவில்லை. மெய் என்று நம்பிச் செய்பவருக்கு அது பிறர்க்குத் தீங்கு எண்ணிய செயலாகிறது. பொய் என்று அறிந்து செய்பவருக்கு வீண் செயலாகிறது. இரண்டில் எதுவும் ஒரு பாகவதருக்குத் தகாது.

இதனோடு ஒப்பிட்டால், வேப்பிலையைக் கூரையில் செருகுபவர் யார்மீதும் எதையும் ஏவுவதில்லை. சேற்றைப் பூசிக்கொள்பவரும் அழுக்கைத் தம் உடலிலேயே ஏற்கிறார். அண்டை வீட்டு வாசலில் கொட்டுவதில்லை. நாம் அவ்வழிபாட்டில் சேர்பவர்கள் அல்லோம். ஆயினும் எல்லாச் சடங்குகளையும் ஒரே தட்டில் வைத்து இகழ்வதும் நியாயம் ஆகாது.

தீங்கைச் சுமக்க ஒரு மனிதரையே தேர்ந்தெடுக்கும்போதுதான் இது கொடுமையாகிறது. மனம் கலங்கிய ஒருவரைப் பேய் பிடித்தவர் என்று முடிவு செய்தபின், அவர்மேல் விழும் அடி பேயின்மேல் விழும் அடியாகக் கணக்கிடப்படுகிறது. அவர் அலறினால் பேய் அலறுகிறது என்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். தெய்வ ஸந்நிதியில் தங்கினால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் நோயாளிகளைக் கொண்டு வந்து சேர்த்த ஊர் அது. ஒரு மதத்தைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. எல்லாச் சமயத்தவரும் அவ்வூருக்குத் தம் உறவினரை அழைத்துச் சென்றார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆழ்வாரின் தோழி சட்டம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தாய்மாரின் கையைப் பிடித்துத் தடுத்தவள். இவள் நோய் இன்னதென்று முதலில் அறியுங்கள் என்பதே அவள் பேச்சின் ஸாரம். தோழியின் நிலையை ஸம்பந்த ஞானம் என்று நம் ஆசார்யர்கள் நிர்வஹிப்பார்கள். இவள் யாருடையவள் என்பதை அறிந்தவர்களின் கையில் சாட்டை இருக்காது. நம் வீட்டில் ஒருவர் மனம் நொந்து கிடந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், அருகிருந்து திருநாமம் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

'நம் ஸம்ப்ரதாயத்திலும் திருஷ்டி கழிப்பது இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. புறப்பாடு கண்டருளித் திரும்பும் பெருமாளுக்குத் திருவந்திக்காப்பு ஸமர்ப்பிக்கப்படுகிறது. பூதனை மாண்டபின் யசோதையும் ரோஹிணியும் கோபிகைகளும் கண்ணனைப் பசுவின் வாலால் சுழற்றி, கோதூளி இட்டு, பன்னிரு அங்கங்களில் திருநாமங்களால் ரக்ஷை செய்ததை ஸ்ரீபாகவதம் சொல்கிறது. பெரியாழ்வார் அந்திப் போதில் கண்ணனைக் காப்பிட அழைத்துப் பத்துப் பாசுரங்கள் பாடினார். திருப்பல்லாண்டு முழுவதுமே அவனுக்கு இட்ட காப்பு. ஆனால் இவை தன்னைக் காத்துக்கொள்ளும் அச்சத்தில் பிறந்தவை அல்ல. ஞானம் மேலோங்கும்போது அவன் ரக்ஷகன், நாம் ரக்ஷ்யம். ப்ரேமம் மேலோங்கும்போது அது மாறாடி, அவனுக்கு என்ன வருமோ என்று நெஞ்சு பதறுகிறது என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியருளினார். அந்தப் பதற்றத்தில் தனக்கென்று எதுவும் கேட்கப்படவில்லை. யார்மீதும் எதுவும் தள்ளப்படவும் இல்லை.

அப்படியாயின் விரட்டப்பட வேண்டிய தீங்கின் கதி என்ன? இதற்கும் நம்மிடம் ஓர் உத்ஸவம் உண்டு. கார்த்திகை சுக்லபக்ஷ ஏகாதசியன்று திருக்குறுங்குடியில் கைசிக நாடகம் நடைபெறுகிறது. பாணர் குலத்தவரான நம்பாடுவான் நம்பியைப் பாடச் செல்லும் வழியில் ஒரு ப்ரஹ்மராக்ஷஸன் அவரைப் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருவேன் என்று பல சபதங்கள் செய்து விடைபெற்றுச் சென்றவர், சொன்னபடியே திரும்பி வந்து தம்மை உண்ணும்படி நிற்கிறார். அப்போது ராக்ஷஸனுக்குப் பசி போய் வேறொன்று பிறக்கிறது. நீ பாடிய பாட்டின் பலனைத் தா என்று இறைஞ்சுகிறான். முதலில் மறுத்த நம்பாடுவான், யாகத்தில் நேர்ந்த பிழையால் இப்பிறவி எடுத்தேன் என்று அவன் சொல்லக் கேட்டு இரங்கி, கைசிகப் பண்ணின் பலனைக் கொடுத்தார். ராக்ஷஸன் விடுபட்டு நற்கதி பெற்றான்.

இங்கே உடுக்கையும் இல்லை, சாட்டையும் இல்லை. நம்பாடுவானுக்கு அந்தப் பேயைத் துரத்தவே தோன்றவில்லை. துரத்தியிருந்தால் அது அடுத்த வழிப்போக்கனைப் பிடித்திருக்கும். எலுமிச்சம்பழத்தை எறிபவர் தம் பற்றைப் பிறர் கணக்கில் எழுதுகிறார். நம்பாடுவான் தம் வரவைப் பிறர் கணக்கில் எழுதினார். அங்கேதான் கடன் உண்மையாகத் தீர்ந்தது. நஞ்சூட்ட வந்த பூதனைக்கும் எம்பெருமான் தாய்க்குரிய கதியைக் கொடுத்தான் என்று ஸ்ரீபாகவதம் உருகுகிறது. அவனிடத்தில் சேர்ந்த தீங்கு வேறொருவரைத் தேடிப் போவதில்லை.

ஆகவே, தீங்கு விலகுவதற்கென்று எதையேனும் செய்யப் புகும்போது, விலகிய தீங்கு எங்கே போகிறது என்று கேட்டுப் பார்ப்போம். அது ஒரு வழிப்போக்கனிடத்திலோ, ஓர் ஆட்டினிடத்திலோ, மனம் நலிந்த ஒரு பெண்ணிடத்திலோ போய்ச் சேருமாயின் அதை விட்டுவிடுவோம். மலைக்கிராமத்துத் தாய் தன் பிள்ளைக்காக வேப்பிலை செருகினால், தோழி 'அன்னைமீர்' என்று அழைத்த அதே பரிவோடு அவளைக் காண்போம். போகியன்று நம் இல்லத்து வாசலில் எலுமிச்சம்பழத்துக்கும் பூசணிக்காய்க்கும் பதிலாகத் திருப்பல்லாண்டு ஒலிக்கட்டும். அதன் பலனில் தெருவில் நடந்து செல்பவருக்கும் பங்கு உண்டு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.