வேரும் மணமும்

மணப்பொருளை விரும்புதல் மனித இயல்பு. மலரைக் கொய்தால் செடி நிற்கிறது. இலையைக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கிறது. வேரிலே மணத்தை வைத்திருக்கும் வெட்டிவேரையோ மண்ணைப் பிளந்தே பெற வேண்டும். அதனை விளைவிப்பதும் நுகர்வதும் அகிம்சையைப் போற்றும் இல்லறத்தார்க்கு ஏற்புடையனவா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வேரின் தொழில் யாது எனின், நீரை உறிஞ்சுதலும் மண்ணைப் பற்றுதலும் என மாணவர்க்குக் கற்பித்து வந்தோம். மண்ணைப் பற்றுவதில் வெட்டிவேருக்கு நிகரான புற்கள் சிலவே. அதன் வேர்கள் பக்கவாட்டில் அதிகம் படராமல் ஆழமாக இறங்குவன. ஆதலின், சரிவு நிலங்களில் மண்ணரிப்பைத் தடுக்க அதனை வரிசை வேலியாக நடுமாறு 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தியாவில் ஊக்குவித்தனர். அப்புல்லையே மணத்துக்காகத் தோண்டும்போது, அது காத்த மண் குலைகிறது. மண்வாழ் சிற்றுயிர்களும் மடிகின்றன.

கடலூர் மாவட்டத்து நொச்சிக்காடு முதலிய கடலோர ஊர்களில் மணற்பாங்கான நிலத்தில் இது பயிராகிறது. நட்டு ஏறத்தாழ ஓராண்டு சென்றபின் தோண்டி, வேரை அறுத்தெடுத்து, அடித்தூரைப் பிரித்து மீண்டும் நடுகின்றனர். வேரை அலசி உலர்த்தி, வாலையிலிட்டு நீராவியால் பல மணி நேரம் வடித்தால், 100 கிலோ வேருக்கு ஏறத்தாழ 1 கிலோ தைலமே கிடைக்கிறது.

நம் சான்றோர் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். பிழைப்புக்குரிய தொழிலில் நேர்வதை இயன்றவரை குறைக்க வேண்டும். ஆதிபகவன் அருளிய ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. ஆகவே, குடும்பத்தைக் காக்க வேர் தோண்டும் உழவரைப் பழித்தல் நம் நெறியன்று. அவர் வாங்குவோர்க்காகவே தோண்டுகிறார். வினா வாங்கும் நம்மை நோக்கியே திரும்புகிறது.

பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், பயிரை அறுத்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என விலக்கினர். நுகர்பொருளுக்கு எல்லை வகுப்பதைப் போகோபபோகப் பரிமாணம் என்றனர். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்வோம். பானை நீரில் இட்ட ஒரு பிடி வேரை உலர்த்திப் பலமுறை பயன்படுத்துவதும், வேர்த் தட்டியில் நீர் தெளித்துக் கோடை வெப்பத்தைத் தணிப்பதும் தேவையின்பாற்படும். பிறர் மெச்சுதற்கென்றே நாள்தோறும் தைலம் பூசுதலில் பயன் சிறிது, உயிர்க்கேடு பெரிது.

வாங்குவதைக் குறைத்தால் உழவர் நலியாரோ என்பர் சிலர். நியாயமான ஐயமே. குறைவாக வாங்கினும் பேரம் பேசாது உரிய விலை கொடுத்தலே அதற்கு விடை. நிலமுடைய அன்பர்கள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வெட்டிவேரை நட்டு, தோண்டாது விடுவார்களாக. நமக்கு மணம் தராவிடினும் அது மண்ணைக் காக்கும். மண்ணுள் வாழும் உயிர்களையும் காக்கும்.