தீராநோயும் இறப்பைத் தேரும் உரிமையும்

நோய் தீராதென வைத்தியரால் கைவிடப்பட்ட ஒருவர், தம் வாழ்வு முடியும் வேளையைத் தாமே தேர்ந்துகொள்ளலாமா என்னும் வினா, தமிழிற் பெரும்பாலும் 'கருணைக்கொலை' என்ற சொல்லின் துணைகொண்டே ஆராயப்படுகின்றது. வினா எழுமுன்பே தீர்ப்பை வழங்கிவிடும் சொல் அது. கருணை பிறரது உணர்ச்சி. கொலை பிறரது செயல். நோயாளியின் விருப்பத்துக்கு அச்சொல்லில் இடமில்லை. வடக்கிருத்தலை முன்னுதாரணமாகக் காட்டுவாரும் உளர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மைந்தரோடு நேர்ந்த பகையின் காரணமாகவேயன்றி நோயின் காரணமாகவன்று. ஆதலின் அச்சான்று இங்குப் பொருந்துமாறில்லை.

இவ்வினாவின் உண்மையான சிக்கலை உணர்த்துவது கனடாவில் எழுந்த ஒரு வழக்காகும். உடலின் இயக்க நரம்புகளைச் சிதைத்து, அறிவு தெளிவாயிருக்கவே உறுப்புகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய்க்கு ஆளானவர் சூ ரொட்ரிகஸ் என்னும் பெண்மணி. தற்கொலை முயற்சி அந்நாட்டிற் குற்றமாகக் கருதப்படுவது 1972இல் நீங்கியது. ஆனால் அதற்கு உதவுவது குற்றமாகவே நீடித்தது. இதன் விளைவு யாது? கைகால் இயங்கும் ஒருவர் தம் முடிவைத் தாமே தேடிக்கொள்ளச் சட்டம் தடையாக நிற்பதில்லை. இயங்காதவருக்கோ அவ்வழி அடைபட்டுப்போகிறது. 1993இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற நிலையில் அவரது மனுவைத் தள்ளியது. மறு ஆண்டு, பெயர் வெளியிடப்படாத வைத்தியர் ஒருவரின் துணையுடன் அவர் இறந்தார்.

அவர் வேண்டியது விரைந்து இறப்பதற்கான உரிமையன்று என்பது ஈண்டு கூர்ந்து நோக்கத்தக்கது. உதவி கிட்டாதென அறிந்த நோயாளி, கை இயங்கும் காலத்திலேயே, அதாவது வாழ விருப்பமும் வலுவும் எஞ்சியிருக்கும்போதே, தம்மை முடித்துக்கொள்ள நேரிடும். எனவே உயிரைக் காக்க இயற்றப்பட்ட தடையே உயிரைக் குறுக்குகின்றது. 2015இல் அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்துத் தடையை நீக்கியபோது, இவ்வாதம் அவர்களது தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது.

இறக்கவிடுதல் வேறு, இறக்கச்செய்தல் வேறு என்பது மறுதரப்பாரின் வலுவான வாதம். சுவாசப் பொறியால் உயிர்தாங்கிய ஒரு பெண் அதனை அகற்றுமாறு கேட்டபோது, கியூபெக் நீதிமன்றம் 1992இல் இசைந்தது. பொறியைச் சார்ந்தவருக்குக் கிடைத்த விடுதலை, பொறி தேவைப்படாத காரணத்தால் ரொட்ரிகஸுக்குக் கிடைக்கவில்லை! கொல்லுதலுக்கும் சாகவிடுதலுக்கும் இடையே அறநோக்கில் இயல்பான வேறுபாடு எதுவுமில்லை என ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975இல் வாதிட்டார். ஆயினும் அவர் ஒன்றைக் கவனிக்கத் தவறினார் எனலாம். சிகிச்சையை மறுப்பவர் பிறரை விலகி நிற்குமாறு கேட்கிறார். உதவி வேண்டுபவரோ பிறரைச் செயற்படுமாறு கேட்கிறார். பின்னையது எந்த வைத்தியரையும் கட்டாயப்படுத்தும் உரிமையாக இருத்தல் இயலாது. மனமிசைந்து முன்வருபவரைத் தண்டிக்காதிருக்குமாறு அரசிடம் கோரும் உரிமையாகவே அது அமையும். அவ்வளவில் அக்கோரிக்கை நியாயமானதே.

எல்லையை எங்கே இடுவது என்பதே மிகக் கடினமான பகுதி. 2016இல் கனடா இயற்றிய சட்டம், இயற்கையான இறப்பை எதிர்நோக்கக்கூடிய நிலையில் உள்ளோருக்கே இடமளித்தது. 2021இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. உடற்குறையுடையோரின் அமைப்புகள் பல இதனைக் கடுமையாக எதிர்த்தன. இறந்துகொண்டிராத ஒருவருக்குத் தக்க இருப்பிடமும் பராமரிப்பும் தராத சமூகம் இறப்பை மட்டும் தருவதாயின், அதனைத் தேர்வு என்று கூறலாமா என அவர்கள் கேட்டனர். தன்விருப்பம் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு இதற்கு விடை கூறல் எளிதன்று. விருப்பம் வெறுவெளியிற் பிறப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் தாய், தன் பொருட்டு வேலையை விட்ட மகளின் முகத்தைப் பார்த்தே தன் விருப்பத்தை உருவாக்கிக்கொள்கிறாள். வலியடக்கும் மருந்தும் வீட்டுக்கு வரும் தாதியும் கிட்டாத இடத்தில் "சாக வேண்டும்" என்ற சொல், பல வேளைகளில் "இவ்வாறு வாழ இயலாது" என்பதையே குறிக்கின்றது. எனினும், பராமரிப்பின்மையைக் காரணம் காட்டி இறுதி நாட்களில் துடிப்பவருக்கு உதவி மறுப்பதும், சமூகத்தின் தவறுக்கு அவரையே தண்டிப்பதாகும். ஆகவே இறப்பு அண்மித்தவர் என்ற எல்லையைக் கைவிடாதிருப்பதே தக்கது.

ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வெல்லையைப் பேணுகின்றது. ஆறு மாதங்களுக்குள் இறப்பு நேரும் என இரு வைத்தியர் உறுதிசெய்தல் வேண்டும். மருந்தை நோயாளி தாமே உட்கொள்ளல் வேண்டும். அங்கு நோயாளிகள் கூறும் காரணங்களுள் தாங்கவொண்ணா வலியிலும், தம்மைத் தாமே ஆளும் நிலையை இழத்தலே முன்னிற்கின்றது. பிறருக்குப் பாரமாதலைக் கூறுவோரும் கணிசமானோர். மருந்துச் சீட்டுப் பெற்றோரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அதனை உட்கொள்ளாமலே இறக்கின்றனர். சிலர் மருந்தை வாங்குவதேயில்லை. வேறு சிலர் வாங்கி அருகில் வைத்துக்கொண்டு, இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்று நோயோடு நாட்களைக் கழித்துவிடுகின்றனர்.