மாக்கோழியும் நம் பிள்ளைகளும்



யசோதர காவியக் கதை நம் இல்லங்கள் அறிந்ததே. தீக்கனாக் கண்டதாகக் கூறிக் கலங்கிய மன்னன் யசோதரனை, உயிர்ப்பலி கொடுக்குமாறு அன்னை சந்திரமதி ஏவினாள். அவன் மறுத்தான். அன்னையோ விடவில்லை, மாவினால் செய்த கோழியையாவது பலியிடுக என்றாள். மகன் இசைந்தான். வாள் வீழ்ந்தது மாவின் மீதுதான். ஆயினும் கொல்லும் எண்ணம் மெய்யாக இருந்தமையால், இருவரும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் உழன்றனர். இம்சை கையில் தொடங்குவதன்று, கருத்தில் தொடங்குவது. அக்கருத்தை ஊட்டியது அன்புள்ள தாயின் சொல் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இன்று படித்த குடும்பத்துப் பிள்ளைகளும் தீவிரவாதக் கூட்டங்களின் வலையில் வீழ்கின்றனர். அஃது எங்ஙனம் நிகழ்கிறது?

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரப் பள்ளியொன்றில் ரான் ஜோன்ஸ் என்னும் வரலாற்று ஆசிரியர் நாஜிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஜெர்மானிய மக்கள் அக்கொடுமைக்கு எப்படி உடன்பட்டனர் என்னும் வினா எழுந்தது. விடையாக அவர் ஒரு சோதனை செய்தார். நிமிர்ந்து அமர்தல், சுருங்க விடை கூறுதல் எனத் தொடங்கி, தனி வணக்கமுறை, உறுப்பினர் அட்டை என வளர்த்தார். விதி மீறுவோரைத் தெரிவிக்கச் சிலரைப் பணித்தார். பணிக்கப்படாதவரும் தோழரைக் காட்டிக்கொடுத்தனர். ஐந்தே நாட்களில் ஏறத்தாழ 200 பேர் திரண்டதாக அவரே பின்னர் எழுதினார். இறுதி நாளில் நாஜிப் பேரணியின் படத்தைக் காட்டி, அவர்கள் சென்றுகொண்டிருந்த வழி எது என உணர்த்தினார்.

ஆசிரியப் பயிற்சி அளித்த நமக்கு இந்நிகழ்ச்சி அச்சம் தருகிறது. வினா எழாத வகுப்பே நல்ல வகுப்பு என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அப்பிள்ளைகள் தீயவரல்லர். தமக்கென ஓர் இடமும் பெருமையும் தேடினர். கிடைத்ததும் வினவ மறந்தனர்.

ஆதலின் பள்ளிகள் இரண்டு செய்தல் வேண்டும். ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு ஒரு பொறுப்பும் தோழமையும் தருக. இன்றேல் வேறொரு கூட்டம் தந்துவிடும். தமக்கு மாறான கருத்தை, அதனைக் கொண்டவரே ஒப்பும்படி எடுத்துரைக்க மாணவரைப் பழக்குக. அநேகாந்தம் நூலில் மட்டும் இருப்பதன்று. வகுப்பறையில் பழக வேண்டிய பயிற்சியாகும்.

பெற்றோரின் கடமை இதனினும் பெரிது. நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். இரவில் உண்ணாமை காக்கிறோம். ஆயினும் உண்ணும் வேளையில் பிற சாதியாரையோ பிற சமயத்தாரையோ குறித்து, “அவர்களே அப்படித்தான்” என்று ஒரு சொல் உதிர்க்கிறோம். அருகிலுள்ள பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அச்சொல்லே நாம் பிசைந்து தரும் மாக்கோழி.

பிள்ளையின் கைப்பேசியைப் பறிப்பதால் பயனில்லை. உடன் அமர்ந்து கேளுங்கள்: இதனைச் சொல்பவர் யார்? யாரை வெறுக்கச் சொல்கிறார்? மறுப்பவரைப் பேச விடுகிறாரா? பழைய நண்பரை வெறுத்து விலகுதல், புதிய தொடர்புகளை மறைத்தல், ஒரு கூட்டத்தாரை மனிதரல்லர் எனப் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாது பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் பேசுக. ஊறு செய்யும் எண்ணம் தெரியின், குடும்ப மானம் கருதி மறைத்தல் ஆகாது. காவல் துறையை நாடுவதே கருணை.

வழி தவறிய பிள்ளைக்கு வீட்டுக் கதவு திறந்தே இருத்தல் வேண்டும். தசலட்சண தருமத்தில் முதலாவது உத்தம க்ஷமை அன்றோ? ஆண்டுதோறும் ஊராரிடம் மன்னிப்புக் கோரும் நாம், இவ்வாண்டு நம் பிள்ளைகளிடமும் கோருவோம்; அவர்கள் செவிபட நாம் உதிர்த்த வெறுப்புச் சொற்களுக்காக.

ஜினதருமம் வாழ்க! எல்லா உயிரும் இன்புறுக!