ஐந்து காலங்களும் ஒரு பழைய நாவலும்

வைணவ ஆகமமான பாஞ்சராத்திரம் அடியவரின் ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பிரிக்கிறது. விடியலில் இறைவனை நாடிச் செல்வது அபிகமனம். வழிபாட்டுக்கு வேண்டியவற்றைத் தேடிச் சேர்ப்பது உபாதானம்; இல்லறத்தார் நேர்மையான வழியில் பொருள் ஈட்டுவதும் இதில்தான் அடங்கும். நண்பகல் பூசை இஜ்யை. பிற்பகலில் நூல் ஓதுவது ஸ்வாத்யாயம். இரவில் மனத்தை இறைவனிடம் ஒடுக்குவது யோகம். வேதாந்த தேசிகர் 'பாஞ்சராத்ர ரக்ஷை' என்ற நூலில் இந்த ஒழுங்கை நிலைநாட்டினார். பாஞ்சராத்திரத்தின் தத்துவத்தில் ஒரு பகுதியை மறுத்த சங்கரரும்கூட, இந்த வழிபாட்டு முறையைத் தாம் மறுக்கவில்லை என்று பிரம்ம சூத்திர உரையில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

இந்தப் பகுப்பில் பிழைப்புக்கான வேலை வழிபாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. படிப்பும் மிச்சப் பொழுதைக் கழிக்கும் உபாயமாக வைக்கப்படவில்லை. இரண்டும் ஒரே ஆராதனையின் அங்கங்கள். அப்படியானால், ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் சாப்பிட்டுவிட்டு நூறாண்டுப் பழைய நாவலைக் கையில் எடுத்தால், அது ஸ்வாத்யாயத்தில் சேருமா?

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான நிலம் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வகை நாள் ஓடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலின் கால பூசைகளும், ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும், இன்று மிகச் சில தலங்களிலேயே எஞ்சியிருக்கும் அரையர் சேவையும் நாளையும் ஆண்டையும் வகுக்கின்றன. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் மில் சங்கு நாளை வகுக்கத் தொடங்கியது. அப்போது நடப்பில் இருந்த 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை அனுமதித்தது. 1946-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை 48 மணி நேரமாகக் குறைத்தது; 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வரம்பையே வைத்துக்கொண்டது. படிக்கும் பொழுது என்று ஒன்று தொழிலாளிக்கு வாய்த்ததில், உபதேசங்களைவிட இந்த ஆறு மணி நேரத்துக்குப் பங்கு அதிகம்.

படிப்பதற்கான இடம் அதற்கு முன்பே இருந்தது. திருநெல்வேலி கலெக்டராக இருந்த பென்னிங்டன் பெயரில் 1875-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய நூலகம் தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879-ல். தமிழ் நாவலைவிட அந்த ஊரின் நூலகத்துக்கு வயது கூடுதல்.

கதை ஓதலில் சேருமா என்பதற்குத் தரும சாஸ்திரத்திலேயே ஒரு விடை இருக்கிறது. தக்ஷ ஸ்மிருதி பகலை எட்டுக் கூறாக்குகிறது. மூன்றாம் கூறு தன்னை நம்பியவர்களைக் காக்கப் பொருள் தேடுவதற்கு. ஐந்தாம் கூறு விருந்தினர் முதலியோருக்குப் பகிர்ந்து உண்பதற்கு. ஆறும் ஏழும் இதிகாச புராணங்களுக்கு. உண்ட பிறகு தூங்காமல் கதையோடு இரு என்பதுதான் விதி. ஆகவே கதை என்பதால் நாவலை விலக்க முடியாது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. இதிகாசம் நடந்ததாக நம்பப்படுவது. முனிவர் வாக்கு என்ற அதிகாரம் உடையது. நாவலோ ஒரு முன்சீப்போ உப்பு இலாகா அதிகாரியோ தம் வேலை நேரம் போக உட்கார்ந்து இட்டுக்கட்டியது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். இவர்களுடைய கற்பனைக்கு என்ன அதிகாரம்?

இதற்கான பதிலை ஸ்ரீவில்லிபுத்தூரின் இரண்டு ஆழ்வார்களிடமே தேட வேண்டும். பெரியாழ்வாரின் கைங்கரியம் நந்தவனம் வைத்துப் பூத்தொடுப்பது. பாண்டியன் சபைக்குப் போ என்று பெருமாள் பணித்தபோது, பூந்தோட்ட வேலை தவிர எதுவும் தெரியாதே என்று அவர் தயங்கியதாகக் குருபரம்பரைக் கதை சொல்லும். படிப்பு இல்லாமலும் அருள் கிடைக்கும் என்பதற்கு இந்தக் கதையைக் காட்டுவார்கள், அது சரிதான். நூல் வாசிப்பை வீடுபேற்றுக்கு நிபந்தனையாக்க வைணவத்தில் இடமில்லை. ஆனால் அவர் பாடியபோது என்ன செய்தார் என்பது இன்னும் முக்கியம். அவர் யசோதையானார். தாலாட்டினார், நீராட அழைத்தார், பூச்சூட்ட அழைத்தார். அவருடைய மகள் ஆண்டாள் ஆயர்சிறுமியானாள். ஸ்ரீவில்லிபுத்தூரே ஆயர்பாடியாயிற்று என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். இன்னொருவராக ஆகிப் பார்ப்பது இங்கே பக்தியின் கருவியாகவே நிற்கிறது. அந்தத் தந்தையையும் மகளையும் வைத்துக் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியம் பாடினார். படையெடுப்புக்கு இடையில் கனவில் ஆணை கிடைத்தது என்று அவரே அதன் தொடக்கத்தில் சொல்கிறார். அரச வேலைக்கு நடுவே எழுந்த அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா.

நாவல் வாசகர் பயன்படுத்துவதும் இதே ஆற்றல்தான். 'கமலாம்பாள் சரித்திரம்' படிக்கும் நேரத்துக்கு அவர் அதன் முத்துசாமி ஐயராகிறார், கமலாம்பாளாகிறார். வேறுபாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆண்டாளின் கற்பனை இறைவனைச் சென்று சேர்கிறது, நாவலின் கற்பனை பெரும்பாலும் சக மனிதரிடம் நின்றுவிடுகிறது. அதனால் நாவல் ஆழ்வார்களின் பிரபந்தத்துக்கு நிகராகாது. ஆனாலும், எல்லா உயிருக்குள்ளும் அந்தர்யாமியாக இறைவன் இருக்கிறான் என்று நம்பும் ஒரு மரபு, இன்னொரு மனிதரின் உள்ளே போய்வரும் பயிற்சியை வீண் என்று தள்ள முடியாது.

இந்தப் பயிற்சி மிகவும் தேவைப்படுவது ஆலை வேலைக்குத்தான். நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே எட்டு மணி நேரம் நடப்பவரின் கவனம் முழுதும் வேலைக்கு வேண்டும். ஆனால் மனம் விரிய அதில் இடம் குறைவு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கும் நிலை இதுவே. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் 1934-35-ல் பாரிஸ் ஆலைகளில் தொழிலாளியாக வேலை பார்த்தார். ரொட்டியைக் காட்டிலும் கவிதையே தொழிலாளிக்கு அதிகம் தேவை என்றும், அந்தக் கவிதைக்கு ஊற்றாக இருக்கக்கூடியது சமயம் மட்டுமே என்றும் பின்னாளில் எழுதினார். முதல் பாதியில் அவர் சொல்வது முழு உண்மை. இரண்டாம் பாதிக்குத் தமிழ் நாவலின் வரலாறு ஒரு திருத்தம் தருகிறது. இங்கே நாவலும் சமயமும் ஒரே பத்திரிகையில் பக்கம்பக்கமாக வந்தன. 'ஆனந்தபோதினி'யில் வேதாந்தக் கட்டுரைக்கு அருகிலேயே ஆரணி குப்புசாமி முதலியாரின் துப்பறியும் கதை வந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு வாய்க்காத வை.மு. கோதைநாயகி, 'ஜகன்மோகினி'யை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். வீட்டு வேலைக்கு ஷிப்ட் முடிவு என்பதே இல்லாத பெண்களுக்கு அவை படிக்கும் பொழுதை உண்டாக்கிக் கொடுத்தன.

இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குப் பாஞ்சராத்திரத்தின் பிற்பகல் தூங்கும் நேரம். சூரியனை வைத்து வகுத்த காலங்களை அவர் எப்படிக் கொள்வது? கடிகாரத்தைவிட வரிசைதான் பொருள் உடையது என்று கொள்வதே பொருத்தம்: உழைப்பு, வழிபாடு, ஓதல், ஒடுக்கம். அதிகாலை இரண்டு மணிக்கு வந்தாலும் ஸ்வாத்யாயம் ஸ்வாத்யாயம்தான்.

எல்லாப் பழைய நாவலுக்கும் இந்தத் தகுதியைக் கொடுக்க முடியாது. பழமை ஒன்றே ஒரு நூலை உயர்த்திவிடாது. முடிச்சு அவிழ்ந்ததும் மறந்துபோகும் கதைகள் அந்தக் காலத்திலும் ஏராளம். படித்தவரைத் தன்னிடமே திருப்பி அனுப்பும் நூல்தான் ஓதலில் சேரும். அதற்குத் தமிழில் முதல் உதாரணம் பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து 1896-ல் நூலானது. சிறுகுளம் என்ற கிராமத்தின் வம்பும் வீட்டுச் சண்டையும் கல்யாணமும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் கோமாளித்தனமும் முதல் பாகத்தை நிறைக்கின்றன. இரண்டாம் பாகத்தில் செல்வம் போகிறது, மனைவி மேல் அபவாதம் விழுகிறது. சாகத் துணிந்த முத்துசாமி ஐயர் ஒரு ஞானியைக் கண்டு தெளிகிறார். கதை சொல்வது தம் முக்கிய நோக்கமல்ல, அமைதியற்றுத் தவித்த ஓர் ஆன்மா அமைதி அடைந்ததைக் காட்டுவதே நோக்கம் என்று முடிவில் ஆசிரியர் விளக்குகிறார். அதை எழுதியபோது அவருக்கு இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராகி 1898-ல் இருபத்தாறு வயதில் இறந்தார்.

விமர்சகர்களில் பலர் முதல் பாகத்தைப் புகழ்ந்து, இரண்டாம் பாகம் வேதாந்தத்தில் கரைந்துவிட்டது என்று குறைப்பட்டிருக்கிறார்கள். நாவல் கலை என்ற அளவில் அந்தக் குறை நியாயமே. ஆனால் ஓய்வு வேளையில் அதை ஓதலாகப் படிக்க எடுப்பவர்கள் இரண்டாம் பாகத்தையும் விடாமல் படிக்க வேண்டும். ராஜமய்யர் நாவலை எழுதியதே அதற்காகத்தான்.