காணாதிருக்கும் உரிமை

ஒருவன் எதனைக் காண வேண்டும், எதனைக் காணாது விடலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? சமூக ஊடகங்களின் காலத்தில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் முன்வைக்கப்படுகின்றன: நிறுவனம், அரசு, தனிமனிதன்.

முதலிரு விடைகளின் குறைபாட்டை இலங்கை 2018 மார்ச்சில் ஒருங்கே கண்டது. கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது முகநூலில் வெறுப்புரைகள் பரவின. பயனரின் கவனத்தை ஈர்ப்பதையே முன்னிறுத்தும் வணிகக் கணிப்பு, உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில்லை. இவ்வன்செயல்களில் தன் தளம் பயன்படுத்தப்பட்டமைக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. அரசோ சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கியது. வதந்தியோடு அதனை மறுத்த குரல்களும் அடைபட்டன.

மூன்றாவது விடையைச் செயற்படுத்த முனைபவை பரவலாக்கப்பட்ட சமூக ஊடகங்களாகும். 2016இல் தோன்றிய மாஸ்டொடன் ஒரு தனி உரிமையாளரின் தளமன்று. வெவ்வேறு குழுக்களும் தனியாட்களும் நடத்தும் சேவையகங்கள் பொதுவானதொரு நெறிமுறையால் இணைந்து அதனை உருவாக்குகின்றன. பயனரின் முகப்பில் பதிவுகள் கால ஒழுங்கிலேயே வருகின்றன. எவரைப் பின்தொடர்வது, எச்சொல்லை வடிகட்டுவது என்பன அவரது தெரிவு.

இது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தெரிவு கைக்கு வரும்போது பொறுப்பும் உடன் வருகின்றது. "நிறுவனம் எனக்குக் காட்டவில்லை" என்று இனிக் கூற இயலாது.

இப்பொறுப்பின் கனத்தை வன்னி மண்ணில் வைத்து நோக்கலாம். வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அத்தகைய போராட்டங்கள் எழுந்தன. பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாயைக் கடந்து செல்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; ஆனால், திருப்பிக்கொண்டதை அவன் அறிவான். அவ்வறிவே மனச்சான்றின் தொடக்கம். திரையில் அச்சொல்லை வடிகட்டிவிட்டவனோ, தன்னிடம் ஒரு வினா கேட்கப்பட்டது என்பதையே காலப்போக்கில் மறந்துவிடுகின்றான். புறக்கணிப்பு இங்கே புறக்கணிப்பாகத் தோன்றுவதில்லை, அமைதியாகத் தோன்றுகின்றது.

அவ்வாறாயின் வடிகட்டுதல் அனைத்தும் தவறோ? அன்று. முள்ளிவாய்க்காலில் மகனை இழந்த தாய், ஒவ்வொரு மே மாதமும் போர்க்காட்சிகள் தன்முன் வந்து விழாதவாறு தடுப்பாளாயின் அது தற்காப்பு. அத்துயரை நேரிற் காணாத, 2009க்குப் பின்னர் பிறந்த மாணவன் தன் மாலைப்பொழுது கலையாதிருக்க அதே தடையை இடுவானாயின் அது வேறொன்று. விசை ஒன்றே, அறம் வேறு. காயம்பட்டவர் காணாதிருக்க உரிமையுடையவர். காயத்துக்கு விடை கூறவேண்டிய சமூகத்தின் உறுப்பினர் அவ்வுரிமையை அதே அளவிற் கோர இயலாது.

மாஸ்டொடனின் வடிகட்டி வகைகளில் இரண்டை நோக்கலாம். ஒன்று பதிவை முற்றாக மறைக்கும். மற்றது, இங்கொரு பதிவு உண்டு என எச்சரித்து, விரும்பினால் திறக்கவிடும். வடிகட்டிக்குக் காலவரையறை இடவும் வழியுண்டு. முன்னது சுவர், பின்னது திரைச்சீலை. துயரால் களைத்தவர் சில காலம் சீலையை இழுத்துக்கொள்வது இயல்பு. ஆயினும் அதன் அப்பால் ஒருவர் காத்திருக்கின்றார் என்னும் நினைவை அச்சீலை அழிப்பதில்லை. தன் பார்வையைத் தானே ஆளும் உரிமை பெற்ற மனிதன் காக்க வேண்டியது அந்நினைவையே.